வேங்கடத்து அடிவாரத்தில் சிவப்பு ஒயின்

சித்தூர் மாவட்டத்துப் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு என்றால் ராகி சங்கட்டியும் நாட்டுக்கோழி புலுசும்தான். நொய்யரிசியைக் குழைய வேகவைத்து, அதன் மேல் ராகி மாவைக் குவித்து மூடிவைப்பார்கள். மாவு ஆவியில் வெந்ததும் பானையை இறக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு, கட்டையால் கட்டி தட்டாமல் கிண்டுவார்கள். ஈரக்கையால் உருட்டிய உருண்டை ஆவி பறக்கத் தட்டுக்கு வரும். நடுவில் குழி செய்து, ஒரு சொட்டு நெய் விட்டு, குழம்பை ஊற்றி, கிள்ளிக் கிள்ளிப் புரட்டி மெல்லாமல் விழுங்க வேண்டும். வட ஆற்காட்டுக் களியின் உடன்பிறப்புதான் இது. குழம்புக்கான கோழி மஞ்சள் தடவித் தீயில் வாட்டியது, கெட்டிச் சதையுள்ளது. அதற்குக் காய்ந்த மிளகாய், தனியா, கொப்பரை, கசகசா, இஞ்சி, பூண்டு அரைத்துச் சேர்ப்பார்கள். புளிப்புக்கு வீட்டு வழக்கப்படி புளியோ தக்காளியோ இரண்டுமோ.

இந்தத் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை சிவப்பு ஒயினை வைத்தால் பொருந்துமா? இது இன்று வெறும் கற்பனைக் கேள்வி அல்ல. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பண்டிகைக்கு வீடு வரும்போதும், அமெரிக்காவிலிருந்து திரும்பும் உறவினர் பெட்டியைத் திறக்கும்போதும் ஒரு பாட்டில் வெளியே வருகிறது. பாட்டிலோடு கூடவே ஒரு விதியும் வருகிறது: சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு ஒயின், அதுவும் திடமான கபர்னே சாவிஞ்யோன். அந்த விதி பிறந்த சமையலறையில் இறைச்சிக்கு உப்பு, மிளகு, வெண்ணெய், அடுப்புச் சூடு தவிர வேறு பெரிய துணை கிடையாது. அங்கே இறைச்சியின் சுவைதான் தட்டை ஆள்கிறது. சித்தூரில் தட்டை ஆள்வது மிளகாயும் புளியும். அதனால், ஆடா கோழியா என்று பார்த்து ஒயினைத் தேர்ந்தெடுப்பது இங்கே வழிதவறிய தேர்வு என்பது என் முடிவு. மசாலாவைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். எப்படிப்பட்ட ஒயின் என்பதற்கான விடையும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. இங்கே இறைச்சியோடு காலங்காலமாகக் குடித்த பானம் கள்.

விதி ஏன் இங்கே தோற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். சிவப்பு ஒயினின் துவர்ப்புக்குக் காரணம் டானின் என்னும் பொருள்கள். திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்தும், ஓக் பீப்பாயிலிருந்தும் அவை ஒயினுக்குள் இறங்குகின்றன. நம் எச்சிலில் வாயை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்கள் உண்டு. டானின் அவற்றைப் பற்றிக்கொண்டு திரளச் செய்கிறது. வழுவழுப்பு போய் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு சொரசொரக்கும். கொழுப்பும் புரதமும் நிறைந்த இறைச்சித் துண்டு வாயில் இருந்தால் டானினின் ஒரு பகுதி அவற்றோடு சேர்ந்துவிடுவதால் துவர்ப்பு அடங்குகிறது. ஐரோப்பிய விதிக்கு அடிப்படை இவ்வளவுதான். அதில் தவறும் இல்லை.

மிளகாய் நுழைந்ததும் கணக்கு மாறிவிடுகிறது. மிளகாயின் காப்சைசின், உடம்பில் சூட்டை உணரும் டிஆர்பிவி1 என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. வெந்நீர் பட்டால் எந்த நரம்பு சேதி அனுப்புமோ அதே நரம்புதான் மிளகாய்க்கும் சேதி அனுப்புகிறது. 1997இல் இந்த ஏற்பியை அடையாளம் கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு முக்கியமானது 2002இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்னொரு கண்டுபிடிப்பு. சாதாரணமாக 42 டிகிரி செல்சியஸ் அளவில் விழித்துக்கொள்ளும் இந்த ஏற்பி, ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துக்கொள்கிறது. நம் உடல் வெப்பமே 37 டிகிரி. மிளகாய் ஏற்கெனவே கிளப்பிவிட்ட எரிச்சலின் மேல் 14 விழுக்காடு ஆல்கஹால் உள்ள ஒயினை ஊற்றினால் எரிச்சல் கூடுமே ஒழியக் குறையாது. அதோடு டானின் வாயை வறளவைக்கிறது. எரியும் நாக்குக்குத் தேவை ஈரமும் வழுவழுப்பும். கிடைப்பதோ நேர் எதிரானது. முதல் வாயில் பழவாசனையோடு இருந்த ஒயின், மூன்றாம் வாயில் கசந்து, சூடாகி, பெயர் தெரியாத சாராயம் போல ஆகிவிடுவது இதனால்தான். பாட்டில் விலை உயர்ந்ததாக இருந்தால் ஏமாற்றம் இன்னும் பெரிது. விலை உயர உயரப் பெரும்பாலும் டானினும் ஓக்கும் ஆல்கஹாலும் சேர்ந்தே உயர்கின்றன.

இனி கள்ளுக்கு வருவோம். தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் காட்டும் வேங்கடம் இதே திருப்பதி மலைத்தொடர்தான். அகநானூற்றின் 61ஆம் பாட்டில் மாமூலனார் அந்த மலைநாட்டைக் கள்வர் தலைவன் புல்லியின் நாடாகக் காட்டுகிறார். அங்குள்ள வேட்டுவ வீரர்கள் யானைத் தந்தத்தைக் கொடுத்து, கள் விற்றுவந்த நெல்லைக் கொண்டு நாளோலக்க மகிழ்ச்சி கொண்டாடுகிறார்கள். வேட்டைக்காரர் விருந்தில் இறைச்சி இல்லாமல் இருந்திருக்காது. ஒயினும் தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. புறநானூற்றில் நக்கீரர், பாண்டியன் நன்மாறன் அருந்திய யவனர் மதுவைப் பாடுகிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயின் சாடித் துண்டுகள் கிடைத்தன. ஆனால் அது கப்பலில் வந்த, அரசர் வீட்டுப் பானம். வேங்கடத்துக்காரன் குடித்தது கள்.

கள்ளின் இயல்பைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். ராயலசீமாவில் பனங்கள்ளோடு ஈச்சங்கள்ளும் உண்டு. காலையில் இறக்கியது இனிக்கும். மண்முட்டியிலேயே ஈஸ்டும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்களும் வேலையைத் தொடங்கிவிடுவதால் வெயில் ஏற ஏற இனிப்புக் குறைந்து புளிப்பு ஏறும், நுரை கட்டும். ஆல்கஹால் பீர் அளவுக்குத்தான். டானின் என்று சொல்ல ஒன்றுமில்லை. காரமான கறிக்கு இதைவிடப் பொருத்தமான பானத்தை ஆய்வகத்தில் உட்கார்ந்து வடிவமைத்தாலும் கிடைக்காது. மிச்ச இனிப்பு காரத்தைத் தணிக்கிறது. புளிப்பு எச்சிலை ஊறவைக்கிறது. நுரை நாக்கில் படிந்த எண்ணெயைக் கிளப்புகிறது. ஆல்கஹால் குறைவாக இருப்பதால் எரிச்சல் கூடுவதில்லை. ஆகவே சித்தூர்த் தட்டுக்கு ஒரு சிவப்பு ஒயின் வேண்டுமென்றால் அது கள்ளின் குணத்தில் பாதியாவது உடையதாக இருக்க வேண்டும். ஆல்கஹாலும் துவர்ப்பும் குறைவாக, புளிப்புத் தெளிவாக, பழச்சுவை நிறைவாக, குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

உலகத்துச் சிவப்பு ஒயின்களில் இந்தக் குணங்கள் அத்தனையும் கொண்ட ஒன்று இருக்கவே செய்கிறது. இத்தாலியின் எமிலியா பகுதியில் செய்யும் லாம்ப்ரூஸ்கோ அது. நுரைக்கும், புளிக்கும், சில வகைகளில் லேசாக இனிக்கும், ஆல்கஹாலும் குறைவு. அந்த ஊர்க்காரர்கள் அதைக் கொழுத்த பன்றி இறைச்சியோடு குடிக்கிறார்கள். எமிலியாக்காரரும் ராயலசீமாக்காரரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே முடிவுக்கு வந்திருப்பதை நான் பெரிய சான்றாக எடுத்துக்கொள்கிறேன். லாம்ப்ரூஸ்கோ நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. கிடைக்கும் இடத்தில் வாங்கினால் புலுசுக்கு அதற்கு இணை இல்லை.

புலுசைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பொருத்தத்தின் சாரமே புளியில் இருக்கிறது. பழங்களில் பொதுவாக மேலோங்கி இருப்பவை சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும். எலுமிச்சை சிட்ரிக், ஆப்பிள் மாலிக். டார்டாரிக் அமிலம் மேலோங்கிய பழங்கள் மிகச் சில. அந்தச் சிலவற்றில் ஒன்று திராட்சை, இன்னொன்று புளி. புளியின் சதையில் எடைக்கு 8 முதல் 18 விழுக்காடு வரை டார்டாரிக் அமிலம் உண்டு. ஒயினுக்கு முதுகெலும்பாக நிற்பதும் இதே அமிலம். வெயில் நாட்டுத் திராட்சை பழுக்கும்போது மாலிக் அமிலம் விரைவாகக் குறைந்துவிடுவதால், ஒயின் தயாரிப்பாளர்கள் டார்டாரிக் அமிலத்தைத் தனியே சேர்த்துப் புளிப்பை நிமிர்த்துவதும் வழக்கம். குழம்பிலும் கோப்பையிலும் இருப்பது ஒரே புளிப்புத்தான்.

இதனால் பொருத்தம் தானே வந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. புளிப்பான உணவைச் சாப்பிட்டபின் குடிக்கும் ஒயினின் புளிப்பு நாக்குக்குக் குறைவாகவே தெரியும். ஒயினில் புளிப்பு போதாவிட்டால் புலுசுக்குப் பின் அது சப்பென்று, பழச்சாறு பழையதானது போல் இருக்கும். குழம்பின் புளிப்புக்கு ஒயினின் புளிப்பு சமமாகவோ ஒரு பங்கு கூடவோ இருக்க வேண்டும். சாஞ்சியோவேசே திராட்சை இங்கே கைகொடுப்பது இதனால்தான். இத்தாலியர் அதைத் தக்காளிக் குழம்புகளோடு குடித்துப் பழகியவர்கள். தக்காளிக்குப் பெயர்போன மதனப்பள்ளி பக்கத்திலேயே இருக்க, புளிக்குப் பதில் தக்காளி போட்டுக் கோழிக்குழம்பு வைக்கும் வீடுகளில் சாஞ்சியோவேசே இன்னும் இயல்பாகச் சேரும். பினோ நுவார், பிரான்சின் போஜொலே பகுதியில் செய்யும் காமே ஆகியவையும் இந்த வரிசையில் வரும்.

சங்கட்டியின் பங்கையும் மறக்கக் கூடாது. உப்பும் காரமும் இல்லாத அந்த உருண்டை ஒவ்வொரு வாயிலும் நாக்கைக் கழுவிவிடுகிறது. சோற்றோடு புலுசு சாப்பிடும்போது மிளகாய் வாயில் தங்குகிறது. சங்கட்டியோடு சாப்பிடும்போது பெரும்பகுதி விழுங்கலோடு கீழே போய்விடுகிறது. பழுப்பு ராகியின் தோலிலேயே டானின் உண்டு. மெல்லாமல் விழுங்குவதால் அது நமக்குத் தெரிவதில்லை. அதே புலுசோடு காராமணியில் சுடும் அலசந்த வடையைத் தொட்டுச் சாப்பிடும்போது, மெல்ல வேண்டியிருப்பதாலும் எண்ணெய் இருப்பதாலும், இன்னும் சற்று துவர்ப்பான ஒயினையும் வாய் ஏற்றுக்கொள்கிறது.

வேப்புடு வேறு வகை. எலும்போடு வெந்த ஆட்டுக்கறியை அதன் கொழுப்பிலேயே சுருள வதக்கி, கருவேப்பிலையும் மிளகுத்தூளும் போட்டு இறக்கும் வறுவல். குழம்பும் இல்லை, புளியும் இல்லை. ஆட்டுக் கொழுப்பு உண்டு, மிளகு உண்டு. இங்கே ஷிராஸ் பேச ஆரம்பிக்கிறது. ஷிராஸில் வரும் மிளகு வாசனைக்குக் காரணமான ரோடண்டோன் என்ற பொருளை 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இனங்கண்டார்கள். நம் கருமிளகின் வாசனைக்கும் அதே பொருள்தான் காரணம். ஒயினிலும் வறுவலிலும் ஒரே வாசனை எழும்போது இரண்டும் ஒன்றையொன்று தூக்கிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை. வேப்புடுவில் காரம் மிளகிலிருந்து வர வேண்டும். மிளகாய்த்தூளைக் கொட்டினால் மேலே சொன்ன எரிச்சல் கணக்கு திரும்பிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் பலர் நினைத்தே பார்க்காத இடத்தில் இருக்கிறது: தலைக்கறியும் ஆட்டுக்கால் பாயாவும். நீண்ட நேரம் கொதிக்கும்போது தோல், நரம்பு, எலும்பு இணைப்புகளில் உள்ள கொலாஜன் ஜெலட்டினாக மாறிக் குழம்பில் கரைகிறது. உதடு ஒட்டும் பிசுபிசுப்பு அதுதான். ஜெலட்டினில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுதி. எச்சிலில் டானினைப் பற்றும் புரதங்களும் புரோலின் மிகுந்தவையே. ஒயின் ஆலைகளில் துவர்ப்பு அதிகமாகிவிட்டால் ஜெலட்டின் சேர்த்து, அது டானினோடு திரண்டு அடியில் படிந்ததும் வடித்தெடுப்பது பழைய முறை. பாயாவோடு துவர்ப்பான ஒயினைக் குடிக்கும்போது ஆலையில் நடப்பது வாயிலேயே நடக்கிறது. ஆகவே அந்தக் கபர்னே பாட்டிலை யாராவது அன்போடு கொண்டுவந்து கொடுத்துவிட்டால், அதைக் கோழிப் புலுசில் வீணாக்காமல், மிளகும் சீரகமும் மட்டும் போட்ட பாயாவுக்கு எடுத்துவைக்கலாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். புளிச்சக்கீரை மட்டனின் புளிப்பை எந்தச் சிவப்பு ஒயினும் தாங்குவது கடினம். மீன் புலுசோடு சிவப்பு வேண்டாம். ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீனின் கொழுப்போடு வினைபுரிந்து கவிச்சி வாடையைக் கிளப்புவதை 2009இல் ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. ரத்தப் பொரியலும் ஈரலும் துவர்ப்பான ஒயினோடு சேர்ந்தால் என் வாய்க்கு இரும்பு நாணயத்தை நக்கியது போல் இருக்கிறது. பிறர் மறுக்கலாம்.

பொருத்தமான ஒயின் எங்கே கிடைக்கும்? மேற்கே எல்லை தாண்டினால் நந்தி மலை. அதன் அடிவாரத்துத் தொட்டபள்ளாப்பூரில் 1988இல் தொடங்கிய குரோவர் திராட்சைத் தோட்டம் பிரெஞ்சுத் திராட்சை வகைகளை இந்த மண்ணில் பயிரிட்டு, போர்தோவின் புகழ்பெற்ற ஆலோசகர் மிஷேல் ரோலானின் உதவியோடு ஒயின் செய்தது. அவர்களின் லா ரிசர்வ், கபர்னேயும் ஷிராஸும் கலந்தது. வேப்புடுவுக்கும் பாயாவுக்கும் ஏற்றது, புலுசுக்கு அல்ல. ஹம்பிக்கு அருகே கிருஷ்மா தோட்டமும், மராட்டியத்தின் அக்லூஜில் பிராடெல்லி தோட்டமும் சாஞ்சியோவேசே வளர்க்கின்றன. நாசிக்கின் சூலா ஷிராஸும் ஜின்ஃபாண்டெலும் செய்கிறது. மாநில எல்லை தாண்டி மது கொண்டுவருவதற்கு ஆந்திரத்தில் கட்டுப்பாடு உண்டு என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். போர்ட் ஒயின் என்ற பெயரில் மலிவாக விற்கும் இனிப்புச் சிவப்பை ஒயின் தெரிந்தவர்கள் மதிப்பதில்லை. நன்றாகக் குளிரவைத்தால், காரமான குழம்போடு அது ஓக் வாசனை வீசும் விலை உயர்ந்த கபர்னேயைவிட நன்றாகவே நடந்துகொள்கிறது. காரத்துக்கு இனிப்பு மருந்து என்பது நாக்குக்குத் தெரியும்.

குளிர்ச்சியைப் பற்றிப் புத்தகங்கள் நம்மைக் குழப்பியிருக்கின்றன. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாற வேண்டும் என்று எழுதியவர்களின் அறை 16, 18 டிகிரியில் இருந்தது. மே மாதத் திருப்பதியின் அறை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கைத் துளைக்கும், பழவாசனை அமுங்கிப்போகும். 14, 15 டிகிரிக்கு வரும்வரை பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்க வேண்டும். துவர்ப்பான ஒயினை இன்னும் குளிரவைத்தால் துவர்ப்பு தூக்கலாகத் தெரியும், இலேசானதற்கு அந்தச் சிக்கல் இல்லை. வாங்கும் கடையையும் கவனிக்க வேண்டும். இங்கே ஒயின்ஸ் என்று பலகை மாட்டிய கடைகளில் விற்பது பெரும்பாலும் பிராந்தியும் விஸ்கியும் பீரும்தான். ஒயின் இருந்தாலும் வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் நின்றிருக்கும். பிராந்தி அதைத் தாங்கும், ஒயின் தாங்காது, வெந்த ஜாம் வாசனை வந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை சுவை சார்ந்தது அல்ல. ஒயினைச் சாப்பாட்டோடு குடிக்கும் பழக்கம் வேண்டும், அதுவும் வீட்டில், எல்லாரும் பார்க்க. இங்கே அப்படியொரு பழக்கம் வளர வரலாறு இடம் கொடுக்கவில்லை. சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1938இல் சித்தூருக்கும் கடப்பைக்கும் வந்தது. 1953இல் பிறந்த ஆந்திர மாநிலத்தின் முதல் அரசு, பிரகாசம் தலைமையிலானது, மதுவிலக்குப் பிரச்சினையில்தான் 1954 நவம்பரில் கவிழ்ந்தது. 1992இல் பக்கத்து நெல்லூர் மாவட்டத்தின் தூபகுண்டாவிலிருந்து சாராயத்துக்கு எதிராகப் பெண்கள் கிளம்பினார்கள். 1993இல் சாராயத் தடை, 1995இல் என்.டி.ராமாராவின் முழு மதுவிலக்கு, 1997இல் அதன் தளர்வு. கூலிப் பணம் சாராயக் கடையில் கரைந்ததைப் பார்த்த பெண்களின் கோபம் அது. அந்தக் கோபத்தை மதிக்காமல் இந்தப் பொருளைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை. மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனமும் 2023இல் சொல்லிவிட்டது.

தடையும் கூச்சமும் சேர்ந்து குடிக்கும் முறையையே மாற்றிவிட்டன. மறைத்துக் குடிக்க வேண்டியது சிறிய அளவில், வேகமாக ஏறுவதாக இருக்க வேண்டும். அதனால் கள்ளின் இடத்தைப் பிராந்தி பிடித்தது. குடி முதலில், வெளியில், சைடு டிஷ்ஷோடு. சாப்பாடு பிறகு, வீட்டில். இடங்களும் நாள்களும்கூடப் பிரிந்தே கிடக்கின்றன. திருமலையில் மதுவுக்கும் இறைச்சிக்கும் இடமில்லை, மலைப்பாதை தொடங்கும் அலிபிரியிலேயே வண்டிகளைச் சோதித்துவிடுவார்கள். அடிவாரத்தில் ஏழுமலையானின் தங்கை என்று கொண்டாடப்படும் தாத்தய்யகுண்டா கங்கம்மாவின் ஜாத்திரை மே மாதம் வரும்போது ஆடும் கோழியும் வேகாத வீடு குறைவு. பல வீடுகளில் சனிக்கிழமை கவிச்சி கிடையாது. நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குப் புரட்டாசி முழுவதும் விலக்கு.

இந்த ஒழுங்கை உடைக்காமலேயே ஒயினுக்கு ஓர் இடம் கண்டுபிடிக்கலாம். குடிக்க விரும்புகிறவர்களுக்கு, ஞாயிறு மதியம், சங்கட்டி இன்னும் அடுப்பில் இருக்கும்போது, வேப்புடு மட்டும் ஒரு தட்டில் முதலில் வரட்டும். அதோடு குளிர்ந்த ஷிராஸ் ஒரு சிறு கோப்பை. புலுசும் சங்கட்டியும் வந்தபின் தொடர வேண்டுமென்றால் சாஞ்சியோவேசே, அதுவும் பாதிக் கோப்பை. கடைசியில் மோர்ச் சோறு வரும்போது கோப்பையை எடுத்துவிடலாம். மோரிலுள்ள கேசீன் புரதம் காப்சைசினைப் பற்றி நாக்கிலிருந்து அகற்றிவிடும், எந்த ஒயினாலும் அதைச் செய்ய முடியாது.